பதினேழாம் கணினி

எங்கள் பள்ளியில் மதிய இடைவேளை நாற்பது நிமிடம். சாப்பிடப் பதினைந்து நிமிடம் போதும். மிச்ச நேரத்தைப் பிள்ளைகள் மைதானத்தில் ஓடித் தீர்ப்பார்கள். என் மகன் ஆன்றோ மட்டும் ஓடமாட்டான். டிபன் டப்பாவை மூடி வைத்துவிட்டு வகுப்பறை ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான். எதிர்க் கட்டடத்தின் மாடியில்தான் கணினி ஆய்வகம். அங்கிருந்து பார்த்தால் அவன் தலை தெரியும்.

நீங்கள் இந்த ஜூனில்தான் தாளாளராக வந்தீர்கள், ஃபாதர். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். போன வாரம் ஆய்வகத்தைச் சுற்றிப் பார்த்தபோது, "பதினாறுக்கு அடுத்து பதினெட்டு இருக்கே, பதினேழு எங்க ஆனிமேரி?" என்று கேட்டீர்கள். பழுதாகிவிட்டது என்றேன். நீங்களும் தலையாட்டிவிட்டு நகர்ந்தீர்கள். அன்றிலிருந்து இதை எழுத வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

என் கணவர் இன்பசேகரன் ஏழு வருடமாகக் குவைத்தில் ஒரு ஓட்டலில் ஏசி மெக்கானிக். மதியம் இரண்டு மணிக்கு வேலைக்குப் போனால் அவர் அறைக்குத் திரும்பும்போது நாங்கள் இங்கே தூங்கிவிட்டிருப்போம். அவர் ஓய்வாக இருக்கும் காலை நேரம் எங்களுக்குப் பள்ளி நேரம். வெள்ளிக்கிழமை மட்டும் அவருக்கு விடுமுறை. அன்று சாயங்காலம் அப்பாவும் மகனும் போனில் பேசுவார்கள். "சாப்டியா?" "ம்." "படிக்கிறியா?" "ம்." அவ்வளவுதான். ஆன்றோ போனை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவான்.

போன வருடம் கோடையில் அவர் ஒரு மாதம் வந்திருந்தார். ஒரு பழைய மடிக்கணினி கொண்டுவந்திருந்தார். அதில் ஓர் ஆன்லைன் கேம். ஆளில்லாத தீவு, மரம் வெட்டி, கல் அடுக்கி வீடு கட்ட வேண்டும். திருநகரில் எங்கள் வாடகை வீட்டில் அந்த ஒரு மாதம் கேட்ட பேச்சுச் சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "அப்பா, கதவ அந்தப் பக்கம் வைங்க, மழ உள்ள அடிக்கும்" என்பான் ஆன்றோ. "சரிங்க மேஸ்திரி" என்பார் அவர். மடிக்கணினியோடு அவர் விமானம் ஏறியதும் பையன் மறுபடி ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டான். அப்போது அவன் ஒன்பதாம் வகுப்பு.

இங்கே பன்னிரண்டரை என்றால் அங்கே பத்து மணி. நாற்பது நிமிடம் இருக்கிறது. இருபத்துநான்கு கணினிகள் என் பொறுப்பில் இருக்கின்றன. எந்தத் தாய்க்கும் அந்த யோசனை வந்திருக்கும்.

பள்ளியின் இணையத்துக்குக் காவல் உண்டு. ஃபயர்வால் என்று ஒரு சின்னப் பெட்டி. பிள்ளைகள் எந்தத் தளத்துக்குப் போகலாம், வெளியிலிருந்து யார் உள்ளே வரலாம் என்பதையெல்லாம் அதுதான் பார்த்துக்கொள்ளும். கேம் எதுவும் திறக்காது. அதன் கடவுச்சொல் என் ஒருத்தியிடம்தான் இருந்தது. கைப்பேசியை வைத்துச் சமாளிக்கலாம் என்றால், ஆசிரியர்களும் காலையில் அதை அலுவலகத்தில் கொடுத்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போக வேண்டும். அந்த விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை.

ஜூலையில் பதினேழாம் கணினிக்கு மட்டும் தடையை நீக்கினேன். என் மேசைக்கு அடுத்தாற்போல் மூலையில் இருந்தது அது. கேம் திறந்தது. ஆனால் அவரால் தீவுக்குள் வர முடியவில்லை. தீவு இந்தக் கணினியில் இருப்பதால், வெளியிலிருந்து வருகிறவருக்கு ஒரு வாசலைத் திறந்துவிட வேண்டும் என்று படித்துத் தெரிந்துகொண்டேன். எந்த வாசல் என்பது பிடிபடவில்லை. மூன்று நாள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். நான்காம் நாள் சலித்துப்போய் அந்தக் கணினியின் எல்லா வாசல்களையும் மொத்தமாகத் திறந்துவிட்டேன். அடுத்த நிமிடம் என் கணவரின் பொம்மை கடற்கரையில் வந்து நின்றது. ஆன்றோ என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

கேட்பவர்களிடம், பையன் தட்டச்சுப் பழகுகிறான் என்று சொல்லி வைத்தேன்.

அருள்பாண்டியைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். வாடிப்பட்டிக்குப் பக்கத்து ஊர்க்காரன். அப்பா வீரணன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். பன்னிரண்டாம் வகுப்பு கம்ப்யூட்டர் சயன்ஸ், நம் விடுதியில் தங்கிப் படித்தான். பதினான்கு வருடத்தில் நான் பாடம் நடத்திய பிள்ளைகளில் அவனைப் போல இன்னொருவன் இல்லை. புத்தகத்தில் இருப்பதை நான் சொல்லி முடிக்கும் முன்பே அது ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்பான். பதில் எனக்குத் தெரியாவிட்டால் அவனே தேடிக் கண்டுபிடித்து மறுநாள் வந்து, "மிஸ், நீங்க சொன்னது சரிதான்" என்று தொடங்குவான். நான் எதுவும் சொல்லியிருக்க மாட்டேன்.

அக்டோபரில் ஒரு மதியம் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க வந்தான். ஆன்றோ காதில் ஹெட்போனோடு தீவில் இருந்தான். அருள்பாண்டி அவன் பின்னால் நின்று கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தான். கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். இரண்டு நாள் கழித்து, நான் தனியாக இருக்கும் நேரம் பார்த்து வந்தான்.

"மிஸ், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிற மாட்டீங்களே."

"சொல்லு."

"பதினேழாம் நம்பர் சிஸ்டத்துக்கு வெளிய இருந்து வர்ற வழி அம்புட்டும் தொறந்து கெடக்கு மிஸ். யாரு வேணாலும் உள்ள வரலாம். அது வழியா ஆபீஸ் சிஸ்டத்துக்கே போயிரலாம். யாரோ தெரியாம செஞ்சிருக்காங்க."

சொல்லும்போது அவன் பதினேழின் முன் காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை. கையில் ஒரு தாள் வைத்திருந்தான். என்ன தவறு, எப்படி மூட வேண்டும் என்று படம் போட்டு எழுதியிருந்தான். கீழே பெயரும் தேதியும் போட்டிருந்தான்.

"வேற யாருக்காச்சும் தெரியுமா?"

"இல்ல மிஸ். உங்ககிட்டதான் சொல்றேன்."

அவனைப் பாராட்டினேன். பக்கத்தில் உட்காரவைத்து, ஃபயர்வாலில் அவன் பெயரிலேயே ஒரு நிர்வாகி ஐடி உருவாக்கிக் கொடுத்தேன். "இனிமே நீ எனக்கு அசிஸ்டென்ட்" என்றேன். அவன் காது மடல் சிவந்தது. கடவுச்சொல்லை நானே போட்டுக் கொடுத்தேன். மாற்றிக்கொள் என்று சொல்ல வேண்டியது என் கடமை; சொல்லவில்லை. அவன் அந்த ஐடியில் நுழைந்து வாசல்களை ஒவ்வொன்றாக மூடினான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

மறுநாள் மதியம் ஆன்றோ வந்து உட்கார்ந்தான். அவன் அப்பாவால் உள்ளே வர முடியவில்லை. "அம்மா, அப்பா வெளிய நிக்கிறாங்க" என்றான். நான் வாசல்களை மறுபடி திறந்தேன்.

ஜனவரி மூன்றாம் வாரம் திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் எந்தக் கணினியும் வேலை செய்யவில்லை. எல்லாத் திரையிலும் சிவப்பு எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரே அறிவிப்பு. எங்கோ இருக்கிற யாரோ பதினேழாம் கணினி வழியாக உள்ளே வந்து பள்ளியின் கோப்புகள் அத்தனையையும் பூட்டிவிட்டார்கள். பன்னிரண்டு வருடப் பதிவேடுகள் போயின. பொதுத் தேர்வுக்குப் போக வேண்டிய அகமதிப்பீட்டு மதிப்பெண்களும் போயின. பிறகு இரண்டு மாதம் ஆசிரியர்கள் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வந்து பழைய தாள்களைப் பார்த்துத் தட்டச்சு செய்தார்கள். நானும் செய்தேன். மற்றவர்களைவிட அதிகமாகவே செய்தேன்.

ஃபயர்வால் பெட்டியைப் பரிசோதிக்கச் சென்னையிலிருந்து ஒரு பொறியாளர் வருவதாகச் சொன்னார்கள். அவர் வருவதற்குள் பதினேழாம் கணினியில் இருந்ததை முழுக்க அழித்து, அதைக் கழற்றி ஓரமாக வைத்தேன். பழுது என்று உங்களிடம் சொன்னது அதைத்தான். ஃபயர்வாலின் பதிவை அழிக்க முடியாது. அழிக்க வேண்டிய தேவையும் இல்லை. வாசல்களைக் கடைசியாகத் திறந்தது அருள்பாண்டி என்ற ஐடி என்று அதில் தெளிவாக இருந்தது.

ஆம், ஃபாதர். அக்டோபரில் அவன் மூடிய மறுநாள் நான் திறந்தபோது என் ஐடியில் திறக்கவில்லை. என் பெயரிலிருந்து வெளியேறி, அவன் பெயரைத் தட்டி, நான் போட்டுக் கொடுத்த கடவுச்சொல்லைத் தட்டி, அதன் பிறகு திறந்தேன்.

விசாரணை அப்போதைய தாளாளர் அறையில் நடந்தது. அருள்பாண்டியோடு அவன் அப்பா வீரணனையும் வரச் சொல்லியிருந்தார்கள். வீரணன் காக்கிச் சட்டையோடு வந்து கதவருகே நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பொறியாளர் காகிதத்தைக் காட்டி விளக்கினார். அருள்பாண்டிக்கு எப்படி நிர்வாகி ஐடி கிடைத்தது என்று அந்த ஃபாதர் என்னிடம் கேட்டார். நான் தட்டும்போது பார்த்து என் கடவுச்சொல்லைத் தெரிந்துகொண்டு அவனே உருவாக்கியிருக்கலாம் என்றேன். எதற்காக என்று கேட்டார்.

"கேம் வெளையாடத்தான் ஃபாதர். பசங்க இப்ப அதுலதான் பைத்தியமா இருக்காங்க" என்றேன்.

அருள்பாண்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையில் கோபம் தெரியவில்லை. வகுப்பில் நான் கரும்பலகையில் ஏதாவது தப்பாக எழுதிவிட்டால், நானே கண்டுபிடித்துத் திருத்தும் வரை காத்திருப்பானே, அப்படித்தான் பார்த்தான்.

"நான் தொறக்கல ஃபாதர். மூடத்தான் செஞ்சேன். மிஸ்ஸுக்குத் தெரியும், கேளுங்க. எழுதிக்கூடக் குடுத்திருக்கேன்."

ஃபாதர் என் பக்கம் திரும்பினார். அந்தத் தாள் அப்போது என் மடியில் இருந்த கைப்பைக்குள் இருந்தது.

"என்கிட்ட எதுவும் சொல்லல ஃபாதர்" என்றேன்.

வீரணன் நான்கு எட்டு வைத்து வந்து மகன் கன்னத்தில் அறைந்தார். போலீசில் புகார் கொடுக்கலாமா என்று பேச்சு வந்தது. நான்தான் வேண்டாம் என்றேன். ஒரு பையனின் எதிர்காலம், மன்னித்துவிடலாம் என்று சொன்னேன். போலீஸ் வந்தால் பதினேழாம் கணினியை எடுத்துப் போய்க் கிளறுவார்கள். வீரணன் எனக்குக் கை கூப்பினார். "நீங்க நல்லாருப்பீங்க டீச்சர்" என்றார். ஆசிரியர் அறையில் என் பெருந்தன்மையைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

அவனை விடுதியிலிருந்து அனுப்பினார்கள். தேர்வு எழுத மட்டும் வரலாம், ஆய்வகத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்று முடிவானது. ஆய்வகத்துக்குள் வராமல் செய்முறைத் தேர்வு எழுத முடியாது. வருகை இல்லை என்று அவன் பெயருக்கு நேரே குறித்தது நான்தான். எழுத்துத் தேர்வுக்கு இரண்டு நாள் வந்தான், பிறகு வரவில்லை. மே மாதம் தேர்வு முடிவு வந்த அன்று அவன் வீட்டில் ஏதோ சண்டை. மறுநாள் காலை அவன் ஊரில் இல்லை.

அவன் அம்மா ஒச்சாயி மாதம் ஒருமுறை பஸ் ஏறி என்னைப் பார்க்க வருகிறார். நீங்களும் பார்த்திருப்பீர்கள்; மஞ்சள் பையோடு அலுவலக வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். முதல் தடவை வந்தபோது, எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சரம்மா, அவன் வீட்டுக்கு வந்தா உங்களப் பத்தித்தான் பேசுவான். எங்க மிஸ்ஸு, எங்க மிஸ்ஸும்பான். எங்களுக்குப் போன் பேசாட்டியும் உங்களுக்குப் பேசுவான். ஏதாச்சும் தாக்கல் வந்துச்சா?"

"இல்லம்மா. வந்தா மொத ஆளா உங்களுக்குத்தான் சொல்வேன்."

"தப்பு செஞ்சிட்டான். இல்லைங்கல. ஆனா எம்புட்டு நாளைக்கு இப்பிடி. சோறு திங்கிறானா இல்லையான்னு தெரியலையே."

அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். பள்ளி வளாகத்துக் குகைக் கெபியில் இருக்கும் மாதா முன் அழைத்துப் போய் அவருக்காக ஜெபித்தேன். அவர் கண்ணை மூடி, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ஒவ்வொரு மாதமும் அப்படித்தான் செய்கிறோம். வரும்போது முருங்கைக்காய், எலுமிச்சை என்று ஏதாவது கொண்டு வருவார். வேண்டாம் என்றால் வருத்தப்படுவார் என்பதால் வாங்கிக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி அருள்பாண்டியிடமிருந்து எனக்கு மெயில் வந்தது.

"மிஸ், நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில பேக்கிங்ல இருக்கேன். நல்லா இருக்கேன். அன்னைக்கு ஆன்றோ தம்பி பேரச் சொல்லியிருந்தா என்னைய விட்டிருப்பாங்க. சின்னப் பய, தெரியாமத் தொறந்திருப்பான்னு விட்டுட்டேன். நீங்க எப்படியாச்சும் பாத்துக்குவீங்கன்னு நெனச்சேன். நீங்களும் பயந்துட்டீங்க, எனக்குப் புரியுது. நான் செய்யலன்னு எங்க அப்பாகிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்க மிஸ். சொல்லிட்டேன்னு எனக்கு எழுதுங்க, அடுத்த பஸ்ஸுக்கு ஊருக்கு வாரேன். அதுவரைக்கும் வர மாட்டேன்."

அதை நான்கைந்து முறை படித்தேன். நான்தான் திறந்தேன் என்ற எண்ணமே அவனுக்கு வரவில்லை. அவன் ஐடியின் கடவுச்சொல் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது என்பதை அவ்வளவு கெட்டிக்காரனால் யோசிக்க முடியாமலா போயிருக்கும். யோசிக்க வேண்டாம் என்று அவனே முடிவு செய்திருக்க வேண்டும்.

பதில் எழுதவில்லை. செப்டம்பரில் இன்னொன்று வந்தது. தங்கியிருக்கும் இடத்தின் முகவரியும் ஒரு போன் நம்பரும் இருந்தன. "அம்மாவுக்கு இருமல் இருந்துச்சு. இப்ப எப்படி இருக்காங்கன்னு மட்டுமாச்சும் சொல்லுங்க மிஸ்." அதைப் படித்த மூன்றாம் நாள் ஒச்சாயி வந்தார். இருமிக்கொண்டேதான் பேசினார். தாக்கல் வந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் போன பிறகு அருள்பாண்டியின் முகவரியிலிருந்து எனக்கு எதுவும் வராதபடி தடுத்துவிட்டேன். அதன் பிறகு எழுதினானா என்று எனக்குத் தெரியாது.

நான் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் இல்லை, ஃபாதர். நம் பங்குக் கோவிலில் செய்ய மனம் வரவில்லை. திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறிப் போய், முன்பின் தெரியாத ஒரு சாமியாரிடம் முழந்தாளிட்டேன். பொய் சொன்னேன் சாமி என்றேன். எத்தனை முறை என்று கேட்டார். சில முறை என்றேன். மூன்று அருள்நிறை மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். நான் பத்துச் சொன்னேன்.

ஆன்றோ இப்போது கேம் ஆடுவதில்லை. விசாரணை நடந்த அன்று வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, "அம்மா, பதினேழு நம்மதான?" என்றான். "நீ சாப்பிடு" என்றேன். அன்றைக்குத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். அவன் அப்பா வெள்ளிக்கிழமை கூப்பிட்டால் குளிக்கப் போய்விடுகிறான். "என்னாச்சு அவனுக்கு, நம்ம தீவுக்கு வரவே மாட்டேங்கிறான்" என்று கணவர் கேட்கிறார். படிப்பு இருக்கிறது என்று சொல்கிறேன்.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இது முழுமையாகாது. அருள்பாண்டிக்கு ஐடி கொடுத்தது அவனைப் பாராட்டுவதற்காக என்று மேலே எழுதியிருக்கிறேன். இத்தனை நாள் நானே அப்படித்தான் நம்பினேன். ஆனால் "யாரு வேணாலும் உள்ள வரலாம்" என்று அவன் சொன்ன அந்த நொடியில் எனக்கு இரண்டு விஷயங்கள் தெரிந்துவிட்டன. ஒன்று, நாளைக்கே நான் அதை மறுபடி திறப்பேன். இன்னொன்று, என்றாவது ஒருநாள் யாராவது உள்ளே வந்தால் அதைத் திறந்த பெயர் என்னுடையதாக இருக்கக் கூடாது. அதற்குப் பிறகுதான் அவனைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். அவன் பெயரை எழுத்து எழுத்தாகத் தட்டினேன். "இனிஷியல் முன்னால போடணுமா, பின்னாலயா?" என்றுகூட அவனிடம் கேட்டேன்.

எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். அவன் எழுதிக் கொடுத்த தாளையும் இரண்டு மெயில்களின் அச்சையும் இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் கையில் எப்போது தருவது என்பது மட்டும்தான் யோசனை. மார்ச்சில் ஆன்றோவுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு. இந்த நேரத்தில் அவன் மனம் கலங்கக் கூடாது. அது முடிந்ததும் பதினொன்றாம் வகுப்பு அட்மிஷன், அதுவும் நம் பள்ளியில்தான் வாங்க வேண்டும். அது முடிந்தால் பன்னிரண்டு. அதுவரை பொறுத்துக்கொள்ளலாம், திருப்பூரில் அந்தப் பையன் நன்றாக இருப்பதாகத்தான் எழுதியிருக்கிறான். பெற்ற பிள்ளைக்காக ஒரு தாய் இதைக்கூடச் செய்யமாட்டாளா என்று ஒச்சாயியிடம் கேட்டால், அவரும் என் பக்கம்தான் பேசுவார்.